வால்டெசிர் நின்ற வரிசை

வால்டெசிர் எங்கள் மில்லுக்கு வந்தது தொண்ணூற்றைந்தாம் வருடம், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில். முதலாளி கோவிந்தராஜுலுவின் காரிலிருந்து ஒரு பெரிய பையோடும் ஒரு சின்னப் பையோடும் இறங்கினார். பெரியதை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டார். சின்னதில் பூட்ஸ் இருந்தது. அதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

பிரேசில்காரர் என்றால் எப்படி இருப்பார் என்று ஆளுக்கொன்றாக நினைத்து வைத்திருந்தோம். வந்தவருக்கு நெற்றி ஏறியிருந்தது. வயது முப்பத்து நான்கு. நடக்கும்போது வலது முழங்கால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் மடங்கியது.

“இவரா கோல் போடப்போறாரு? எங்க பெரிய மாமா மாதிரியில்ல இருக்காரு” என்றான் ஆரிஃப். கோட்டைமேட்டுப் பையன். நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் பெர்மனென்ட் வேலை, மில்லின் ஃபுட்பால் டீமில் ரைட் விங். துபாயில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்ததால் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். வால்டெசிருக்கும் மலேசியாவில் ஆடியபோது பிடித்த கொஞ்சம் இங்கிலீஷ்தான். அந்த இரண்டு கொஞ்சத்தின் வழியாகத்தான் அவர் கதை எங்களுக்குத் தெரிய வந்தது.

அவர் பிறந்த ஊரிலும் ஒரு பஞ்சாலை இருந்ததாம். பதினேழு வயதில் அந்த ஆலையின் டீமில் ஆடி, அங்கிருந்து ஒரு பெரிய நகரத்து கிளப்புக்குப் போனார். அங்கே பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு போர்ச்சுகலில் ஒரு மீன்பிடி ஊர், இரண்டாம் டிவிஷன். முழங்கால் போனது அங்கேதான். பிறகு சைப்ரஸ், பிறகு மலேசியா, பிறகு கோவா. ஒவ்வொரு ஊரிலும் முந்தின ஊரைவிடச் சின்ன மைதானம். கோவாவில் ஒரு சீசன் முடிந்ததும் கிளப் கைவிட்டது. அப்போதுதான் முதலாளி போய் அழைத்து வந்தார். மில்களுக்கு இடையே நடக்கும் கோப்பை அவருடைய அப்பா காலத்தில் ஒருமுறை எங்களிடம் வந்ததோடு சரி. “என்ற காலத்துலயும் ஒருக்கா வந்துறோணும்” என்பார். வேறு ஆசைகள் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கெஸ்ட் ஹவுஸ் ஒழுகிக்கொண்டிருந்ததால் வால்டெசிரை கேப்டன் திருமலைசாமியின் வீட்டு முன்னறையில் தங்கவைத்தார்கள். திருமலைசாமி சென்டர் ஹாஃப். கிணத்துக்கடவுக்காரர். அதிகம் பேச மாட்டார். ஒன்பது வருடமாகப் பதிலி. மேட்ச், பிராக்டிஸ் என்று வெளியூர் போய்ப் போய் வருகை குறைந்து, கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் பெர்மனென்ட் ஆகியும் அவர் ஆகவில்லை. அவர் மனைவி மாசாணியம்மாள் முதல் நாளே வந்தவரை “அண்ணா” என்று கூப்பிட்டுவிட்டது. வால்டெசிருக்கு முதலில் தெரிந்த தமிழ் அந்தச் சொல்தான். இரண்டாவது, ‘போதுங்க’. தட்டில் மூன்றாவது தோசை விழும் வேகத்தில் அதை அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வந்த மாதமே திருமலைசாமியின் மகளுக்குக் கிணத்துக்கடவில் காதுகுத்து. டீமோடு நாங்களும் போயிருந்தோம். வால்டெசிரை முதல் பந்தியில் நடு இலையில் உட்காரவைத்தார்கள். திருமலைசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார். இரண்டாம் பந்தி எழுந்தது, மூன்றாம் பந்தி எழுந்தது, அப்போதும் ஓடிக்கொண்டிருந்தார்.

“அவர் சாப்பிடலையா?” என்று ஆரிஃபிடம் கேட்டார் வால்டெசிர்.

திருமலைசாமியே வந்து பதில் சொன்னார். “நாங்க ஊட்டு ஆளுங்க. கடைசிப் பந்திதானுங்க.”

“அதுக்குள்ள சோறு தீர்ந்துட்டா?”

“தீந்துபோனா ரசங்க. அதுவும் தீந்துபோனா மோருங்க.”

“மோரும் தீந்துபோனா கேப்டன் வாளியத்தான் கழுவிக் குடிக்கோணும்” என்றான் ஆரிஃப். எல்லோரும் சிரித்தோம். வால்டெசிருக்கு ஆரிஃப் எடுத்துச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பந்தல் ஓரத்தில் அடுப்புப் புகை நடுவே நின்றுகொண்டிருந்த மாசாணியம்மாளைப் பார்த்தார். அதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

கார்த்திகையில் பிரச்சினை வந்தது. முதல் மேட்சில் வால்டெசிர் இரண்டு கோல் போட்டார். முழங்கால் ஓடவில்லை, உண்மைதான். ஆனால் பந்து எங்கே வரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. மற்றவர்கள் ஓடி வந்து சேரும் இடத்தில் அவர் பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல நின்றிருப்பார். தோற்ற மில்காரர்கள் கமிட்டியில் போய் ஆட்சேபணை கொடுத்தார்கள். கோப்பையில் ஆடுகிறவர்கள் அந்தந்த மில்லில் வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. “எங்க பசங்க பஞ்சு தூக்கிப்போட்டு வந்து ஆடறாங்க. உங்காளு பிளேன்ல வந்து ஆடறாரு” என்றார்களாம். ஒவ்வொரு மாதமும் பாதி நாளாவது நிஜமாக வேலை செய்தால்தான் அடுத்த மேட்சில் இறக்கலாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. பேருக்கு வருகை போட்டு ஏமாற்றவும் வழியில்லை. எங்கள் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அந்த மில்லின் ஆள் ஒருவர் தினமும் காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி யோசிக்கவில்லை. “பதிலியாப் போட்டுருங்க. ஒரு ஆளு அதிகம் நின்னா என்ன?” என்றார்.

பதிலி என்றால் என்ன என்பதை மில்லுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். காலை ஷிப்டுக்குப் பெர்மனென்ட் ஆட்கள் உள்ளே போனபின், அன்றைக்கு வராதவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரைக் கேட்டுக்கு வெளியே நிற்கிற எங்களிலிருந்து கூப்பிடுவார்கள். எட்டுப் பேர் வரவில்லை என்றால் எட்டுப் பதிலிகளுக்கு வேலை. மற்றவர்கள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான். யார் முன்னால் நிற்பது என்பதை மில் சொன்னதில்லை. பழைய ஆள் முன்னால், புது ஆள் பின்னால் என்று நாங்களாக வைத்துக்கொண்டது. அதன்படி வரிசையின் முதல் ஆள் திருமலைசாமி. கடைசிக்கு இரண்டு ஆள் முன்னால் நான்.

வால்டெசிர் வந்து நின்ற முதல் நாள் காலை, ஆறேமுக்கால் மணிப் பனியில் எல்லோரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றோம். புது ஆள் என்பதால் அவர் நேராகப் பின்னால் போனார். திருமலைசாமி கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நீங்க வாங்க. இங்க நில்லுங்க.”

தன் இடத்தில், வரிசையின் முதலில், அவரை நிறுத்தினார். பிறகு தான் நடந்து எங்களையெல்லாம் தாண்டிக் கடைசிக்குப் போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்தவர். அவரை முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டு வீட்டு ஆள் கடைசிப் பந்திக்குப் போவதுதானே முறை. இரண்டாவது ஆள் தன் இடத்தைக் கொடுக்கலாம், எல்லோரும் ஒரு அடி பின்னால் நகரலாம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்தவர் திருமலைசாமி வீட்டு விருந்தாளி, எனவே இலை திருமலைசாமியுடையது.

டைம் ஆபீஸ் சீனிவாசலு ஜன்னலிலிருந்து பேர் கூப்பிடுவார். வால்டெசிர் என்ற பேர் அவர் வாயில் மூன்று நாள் மல்லுக்கட்டியது. நான்காம் நாள் “வரதராசு!” என்று கூப்பிட்டார். வால்டெசிர் “வாரனுங்க” என்று உள்ளே போனார்.

முதல் நாளிலிருந்தே அவருக்கு மிக்சிங்கில் வேலை. பேலைப் பிரித்துப் பஞ்சை உதறிப் போடுவது. பஞ்சை இரண்டு விரலில் இழுத்துப் பார்த்துவிட்டு முகர்ந்தாராம். தை மாதம் வரை தினமும் அவர் பேர்தான் முதலில் வந்தது. திருமலைசாமியின் பேர் பெரும்பாலான நாட்களில் வரவில்லை. கடைசி ஆள் வரைக்கும் வேலை எட்டுவதில்லை.

அதற்கு நடுவில்தான் நோட்டீஸ் போர்டில் செய்தி வந்தது. மார்ச் முடிய வருகை போதுமானதாக இருக்கிற பதிலிகளைப் பெர்மனென்ட் ஆக்குவார்கள். அதற்குப் பிறகு ஆள் எடுப்பது இல்லை. இதுதான் கடைசித் தடவை. திருமலைசாமி அதை நின்று படித்தார். மார்கழி மாதத்தில் அவர் பாதிக்குப் பாதிகூட உள்ளே போயிருக்கவில்லை. படித்துவிட்டு, அன்று சாயங்காலம் வால்டெசிருக்குப் பந்து போட்டுப் பழக்க வந்துவிட்டார்.

“சொல்லிப்போடுங்கண்ணா. அவருக்குத் தெரியாதில்ல” என்றான் ஆரிஃப்.

“தெரிஞ்சா அவுரு சங்கடப்படுவாருப்பா. ஃபைனலுக்குக் கோவாவுல இருந்து கோச்சு ஒருத்தர் வர்றாராமா. இவர இன்னொருக்கா பார்த்து எடுத்துக்கறதாச் சொல்லியிருக்காங்களாமா. அது வரைக்கும் போகட்டும்.”

“உங்களுக்கு மார்ச் வரைக்கும்தான் கேட்டு தொறந்திருக்கும்.”

“பார்க்கலாம்.”

வீட்டில் மாசாணியம்மாளிடம் தினமும் வேலை கிடைப்பதாகவே சொல்லியிருந்தார். அது நம்பியதா என்பது அதற்குத்தான் தெரியும்.

தை கடைசியில் ஒருநாள் கரண்ட் போய், மில் பதினோரு மணிக்கே நின்றது. அபூர்வமாக அன்று எனக்கும் வேலை கிடைத்திருந்தது. எங்களை வெளியே விட்டுவிட்டார்கள். வால்டெசிரும் நானும் ஆரிஃபும் பொள்ளாச்சி ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தோம். மதுக்கரையிலிருந்து வந்த ஒரு சிமெண்ட் லாரி, ஹார்டுவேர் கடை ஒன்றின் முன் நின்றிருந்தது. மூட்டை இறக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தார்கள். அதில் ஒருவர் குனிந்து முதுகைக் கொடுத்தார். மூட்டை விழுந்ததும் இடது காலை ஊன்றி எழுந்தார். அந்த எழுகையை வால்டெசிர் மைதானத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். நின்றுவிட்டார்.

திருமலைசாமி எங்களைப் பார்க்கவில்லை. வால்டெசிர் கூப்பிடவும் இல்லை. பிறகு ஆரிஃபிடம் ஒன்றே ஒன்று கேட்டார். காலையில் தான் முன்னால் நின்றால் யார் உள்ளே போக முடியாமல் ஆகிறது?

ஆரிஃப் சுற்றி வளைக்கப் பார்த்தான். பிறகு சொன்னான். நோட்டீஸ் போர்டில் இருந்ததையும் சேர்த்துச் சொன்னான்.

அங்கே ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்து வால்டெசிர் சொன்னது இதுதான். ஆரிஃப் எனக்குத் தமிழில் சொன்னான். அவருடைய அப்பாவும் அந்த ஊர் ஆலையின் கேட்டில் நின்றவர். கூப்பிடாத நாளில் காலையிலேயே திரும்பி வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்வரை வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாராம், கண்ணில் படக்கூடாதென்று. அந்த கேட்டில் தானும் நிற்கக்கூடாது என்றுதான் பந்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியதாம். இத்தனை தேசம் சுற்றியும் ஒரு கேட்டுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார். அதிலும் இன்னொரு பிள்ளையின் அப்பாவை வெளியே நிறுத்திவிட்டு.

மறுநாள் காலை அவர் வரிசையின் முதலில் நிற்கவில்லை. கடைசியில், எங்கள் சைக்கிள்கள் சாத்தியிருந்த சுவரோரம் போய் நின்றார்.

“ஏனுங்க, அங்க நிக்கறீங்க? முன்னாடி வாங்க” என்றார் திருமலைசாமி.

“இல்லிங்க.”

திருமலைசாமி நடந்து வந்து வால்டெசிருக்குப் பின்னால் நின்றார். வால்டெசிர் விலகி அவருக்குப் பின்னால் போய் நின்றார். திருமலைசாமி மறுபடியும் பின்னால். வால்டெசிர் அதற்கும் பின்னால். வரிசையின் வால் மில் சுவரை விட்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த அந்த மில் ஆள் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

சீனிவாசலு ஜன்னலில் தலையை நீட்டினார். “ஏப்பா, ரெண்டு பேரும் இப்படியே போய்ட்டிருந்தா பொள்ளாச்சி வந்துரும். கண்டக்டரக் கூப்புட்டு டிக்கெட்டு போடச் சொல்லட்டா?”

சிரிப்பு எழுந்தது, ஆனால் நிலைக்கவில்லை. திருமலைசாமியின் முகம் சரியில்லை.

“மாசியில ஃபைனல் இருக்குதுங்க. உள்ள போகலீன்னா உங்கள எறக்க மாட்டாங்க. கோச்சு வர்றாரு. நீங்க விருந்தாளிங்க. முன்னாடி போங்க.”

வால்டெசிர் ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்திருப்பார் போல. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“விருந்தாளி இல்லீங்க. மூணு மாசம் உங்க ஊட்டுல சாப்பிட்டேன். நான் ஊட்டு ஆளுங்க. ஊட்டு ஆளு கடைசிப் பந்திங்க.”

அதற்கு மறுப்புச் சொன்னால், இல்லை, நீ எங்கள் வீட்டு ஆள் இல்லை என்று சொன்னதாகும். எங்கள் பக்கத்தில் அதை யாராலும் சொல்ல முடியாது. திருமலைசாமி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, எங்களையெல்லாம் கடந்து முன்னால் நடந்தார். போகும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. சீனிவாசலு வழக்கம்போல முதல் பேராக “வரதராசு” என்றார். வால்டெசிர் அசையவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, “திருமலைசாமி” என்றார்.

முதலாளிக்கு விஷயம் போக இரண்டு நாள் ஆனது. காரை கேட்டிலேயே நிறுத்தி இறங்கினார். வால்டெசிரோடு இங்கிலீஷில் பேசினார், முதலில் மெதுவாக, பிறகு உரக்க. வால்டெசிர் தரையைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார். முதலாளி திருமலைசாமியை அழைத்தார்.

“ஏப்பா, நீ கேப்டன்தானே? நீயாவது சொல்லக்கூடாதா?”

“சொன்னனுங்க. கேக்கமாட்டீங்கறாருங்க.”

“அவனக் கூட்டிட்டு வந்தது பஞ்சு தூக்கறதுக்கா?”

“பஞ்சும் தூக்கறதில்லீங்களே இப்ப” என்றார் சீனிவாசலு ஜன்னலுக்குள்ளிருந்து. முதலாளி திரும்பிப் பார்த்ததும் தலை உள்ளே போய்விட்டது.

முதலாளி கெட்டவர் இல்லை. கேட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். அன்று பார்த்தார். வரிசையை முன்னிருந்து பின்வரை ஒருமுறை பார்த்தார். ஆனால் கோப்பையா வரிசையா என்று வந்தபோது அவரால் கோப்பையைத்தான் நினைக்க முடிந்தது. ஃபைனல் முடிந்ததும் வால்டெசிருக்குத் திரும்பிப் போக டிக்கெட் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வால்டெசிர் தினமும் காலையில் வந்தார். கடைசியில் நின்றார். வேலை அவர் வரைக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போய், தனியாக ஓடினார். ஆட மாட்டோம் என்று தெரிந்தும் ஏன் ஓடினார் என்று நான் கேட்டதில்லை.

ஃபைனலில் அவர் ஸ்டேடியத்தில் எங்களோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், மாசாணியம்மாள் கொடுத்தனுப்பிய கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. கோவாக்காரர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, குட்டையான மனிதர். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து மைதானத்தில் வால்டெசிரைத் தேடினார். பிறகு படிக்கட்டுகளில் தேடினார். வால்டெசிர் கையை உயர்த்திக் காட்டினார். அவரும் கையை உயர்த்தினார். இடைவேளையில் எழுந்து போய்விட்டார். ஒரு கோலில் தோற்றோம். ஆரிஃப் அடித்தது போஸ்டில் பட்டுத் திரும்பியது. அந்தப் பந்து வந்து விழுந்த இடத்தில் யாரும் நின்றிருக்கவில்லை. அங்கே நிற்க வேண்டியவர் என் பக்கத்தில் கடலையை உரித்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் நின்றுபோனதை மட்டும் பார்த்தேன்.

முடிந்து வெளியே வந்த திருமலைசாமி அவர் முன்னால் வந்து நின்றார்.

“ஒரு கோலுதானுங்க, பங்காளி.”

அதுவரை அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஏப்ரலில் திருமலைசாமி பெர்மனென்ட் ஆனார். வருகை சரியாக எட்டும் அளவுக்கு வந்துவிட்டது. மில் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று அப்போதே பேச்சு இருந்தது. ஆனால் பெர்மனென்ட் ஆனவர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மணி அடித்தால் நேராக உள்ளே போகலாம். முதல் நாள் அவர் பழக்கத்தில் எங்களோடு வந்து நின்றுவிட்டார், நாங்கள்தான் போகச் சொன்னோம். அதைப் பார்க்க வால்டெசிர் இல்லை. அவர் வேறெங்காவது போய் ஆடினாரா, தெரியாது. கேரளத்தில் எங்கோ, ஏழு பேர் டீமாக ஆடும் செவன்ஸ் ஆடியதாக ஆரிஃப் ஒருமுறை கேள்விப்பட்டான். இல்லை, ஊருக்கே போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார்.

ஃபைனல் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அவர் டிக்கெட் அடுத்த புதன்கிழமை சாயங்காலத்துக்கு. அந்தப் புதன்தான் எங்கள் ஊர்க் கோனியம்மன் கோயிலின் மாசித் தேர்.

தேர் அன்று மில்லுக்கு லீவு கிடையாது. ஆனால் பாதிப் பேர் வர மாட்டார்கள். காலையில் நாங்கள் நின்றபோது சுவரோரம் வால்டெசிரும் நின்றார். முந்தின நாளே பெரிய பையைக் கட்டிவைத்துவிட்டதாக மாசாணியம்மாள் சொல்லியிருந்தது. இனி அவருக்கு மேட்சும் இல்லை, வருகையும் தேவையில்லை. இருந்தும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் நின்றார்.

சீனிவாசலு கூப்பிட ஆரம்பித்தார். திருமலைசாமி. அவருக்கு அடுத்தவர். அதற்கு அடுத்தவர். வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தவில்லை. என் பேர் வந்தது. எனக்குப் பின்னால் இருந்தவர்கள் பேர் வந்தது. கேட்டுக்குள் போனபின் திருமலைசாமி மேலே நடக்காமல் நின்றிருந்தார். நாங்களும் நின்றோம்.

வெளியே ஒரே ஒருவர்தான் மிச்சம். சீனிவாசலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“வரதராசு” என்றார்.

“வாரனுங்க.”